காட்டாமணக்கு முதல் வாணலி எண்ணெய் வரை



பயோடீசலைப் பற்றிப் பேசவேண்டும் என்று இந்தச் சபையினர் கேட்டுக்கொண்டபோது, அதைத் தயாரிக்கும் ரசாயன முறையைச் சொல்லுவதா, அதற்கு வேண்டிய எண்ணெயை எங்கிருந்து கொண்டுவருவது என்பதைச் சொல்லுவதா என்று சிறிது யோசித்தேன். ரசாயனம் பழைய விஷயம். பெரும்பாலும் தீர்ந்துபோன விஷயம். மேல்வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் விளங்கவைத்துவிடலாம். எண்ணெய் எங்கே என்ற கேள்வியோ, இந்த இருபது இருபத்தைந்து வருஷங்களில் நம் தேசத்திலும் பிற தேசங்களிலும் பெரிய பெரிய திட்டங்களையெல்லாம் மண்ணைக் கவ்வச் செய்த கேள்வி. ஆகையால் அதையே இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

தம் யந்திரத்துக்குத் தம் பெயரையே தந்துவிட்டுப் போன ருடால்ப் டீசல், 1858-இல் பாரிஸ் நகரத்தில் பிறந்த ஜெர்மானியர். ஆகஸ்டு 10-ஆம் தேதியை உலக உயிரி எரிபொருள் தினமாகக் கொண்டாடும் வழக்கம் இப்போது ஏற்பட்டிருக்கிறது. 1893-இல் அதே தேதியில் அவர் தமது யந்திரத்தை நிலக்கடலை எண்ணெயைக் கொண்டு ஓட்டிக் காட்டினார் என்று அன்றைக்கு மேடைதோறும் சொல்லுகிறார்கள். கேட்க இனிமையாக இருந்தாலும் அது சரித்திரம் அன்று. அந்தத் தேதியில் ஆக்ஸ்பர்க் ஆலையில் நடந்தது அவருடைய யந்திரத்தின் முதல் சோதனை. அதில் செலுத்தியது கடலை எண்ணெய் அல்ல. கடலை எண்ணெய் வந்தது 1900-இல், பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில். ஓட்டோ கம்பெனியார் அங்கே வைத்திருந்த சிறிய டீசல் யந்திரம் ஒன்று அந்த எண்ணெயில் ஓடியது. பார்த்தவர்களுள் மிகச் சிலருக்கே அந்த விஷயம் தெரிந்திருந்தது என்று டீசலே பிற்காலத்தில் குறிப்பிட்டிருக்கிறார். அந்தச் சோதனையை விரும்பியவர் யார் என்பதுதான் நாம் கவனிக்கவேண்டியது. பிரெஞ்சு அரசாங்கத்தார், ஆப்பிரிக்காவில் தாங்கள் ஆண்டுகொண்டிருந்த நாடுகளில் நிலக்கடலை ஏராளமாக விளைவதையும், அந்த இடங்களுக்கு நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் கப்பலேற்றி அனுப்பவேண்டியிருப்பதையும் எண்ணி, அங்கே கிடைக்கிற பொருளைக் கொண்டே யந்திரம் ஓடுமானால் நல்லது என்று கருதினார்கள். யந்திரத்துக்கு எது உகந்த எண்ணெய் என்று அவர்கள் ஆராயவில்லை. எது அருகில் குவிந்து கிடக்கிறது என்றே பார்த்தார்கள். நூற்றிருபது வருஷங்களுக்குப் பிறகும் அதைவிடச் சரியான முறையில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களை நான் அதிகமாகக் காணவில்லை.

தாவர எண்ணெயை அப்படியே டீசல் யந்திரத்தில் ஊற்றினால் ஓடும். ஆனால் நெடுநாள் ஓடாது. சாதாரண டீசலைப்போலப் பத்து மடங்குக்கு மேல் கொழகொழப்பு உடையது தாவர எண்ணெய். அதனால், எரிபொருளை யந்திரத்துக்குள் தெளிக்கும் தூவியின் நுண்ணிய துளைகளிலிருந்து அது புகையாகச் சிதறாமல் துளிதுளியாக விழுந்து, அரைகுறையாக எரிந்து, தூவியின் முனையில் கரியாகவும் பிஸ்டன் வளையங்களில் பசையாகவும் படிந்துவிடுகிறது. புங்க எண்ணெய் ஊற்றி ஓட்டிய பம்ப்செட் ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தூவியின் முனை, சுடரில் காட்டிய கரண்டிக் காம்பைப்போலக் கருகி மொழுமொழுவென்றிருந்தது. இந்தத் தொல்லைக்குப் பரிகாரம் கண்டவர், பிரஸ்ஸல்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஷாவான் என்ற பெல்ஜியர். அவர் 1937-இல் பெற்ற காப்புரிமையே இன்று நாம் பயோடீசல் என்று சொல்லும் பொருளின் முதல் தஸ்தாவேஜு. மறு வருஷமே பிரஸ்ஸல்ஸுக்கும் லூவானுக்கும் இடையே ஒரு பஸ் பாமாயிலிலிருந்து தயாரித்த அந்த எரிபொருளில் ஓடியது. பெல்ஜியத்தில் பனையெண்ணெய் மரம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். பெல்ஜியர்களிடம் அப்போது காங்கோ இருந்தது.

முறை மிக எளிது. எண்ணெய் என்பது கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்த ஒரு பொருள். அதனோடு மெத்தனாலையும், மிகச் சிறிய அளவில் காஸ்டிக் சோடாவையும் சேர்த்து, ஏறக்குறைய 60 டிகிரி வெப்பத்தில் கலக்கினால், கிளிசரின் கழன்று அடியில் தங்குகிறது; கொழுப்பு அமிலங்கள் ஒவ்வொன்றும் ஒரு மெத்தனாலோடு சேர்ந்து, நீர்த்துப்போன திரவமாக மேலே மிதக்கின்றன. அந்த மேல் திரவமே பயோடீசல். நூறு கிலோ எண்ணெய்க்குச் சுமார் பதினொரு கிலோ மெத்தனால் கரைந்துபோய், நூறு கிலோ பயோடீசலும் பத்துக் கிலோவை ஒட்டிய கிளிசரினும் கிடைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எண்ணெயில் கட்டவிழ்ந்து தனியாக நிற்கும் கொழுப்பு அமிலம் மிகுதியாக இருந்தால், காஸ்டிக் சோடா அதைப் பற்றிக்கொண்டு சோப்பாகிவிடும். சோப்பு கலந்துவிட்டால் மேல் திரவமும் கீழ்த் திரவமும் பிரியாமல், கலக்கிய மோராக நின்றுவிடும். கெட்டுப்போகாத புது எண்ணெய்க்கு இந்தத் தொல்லை இல்லை. மலிவான எண்ணெய்களுக்கெல்லாம் இந்தத் தொல்லை உண்டு. நான் சொல்லப்போகும் கதையில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

உண்ணும் எண்ணெய்களைப் பற்றி நெடுநேரம் பேச விரும்பவில்லை. ஐரோப்பியர் ரேப்ஸீட் என்னும் கடுகு வகையையும், அமெரிக்கர் சோயாவையும், இந்தோனேசியர் பாமாயிலையும் பயன்படுத்துகிறார்கள். இந்தோனேசியாவில் டீசலோடு பாமாயில் எரிபொருளை நூற்றுக்கு நாற்பது பங்கு கலக்கவேண்டும் என்று 2025 முதல் சட்டமே இருக்கிறது. அவர்களிடம் மிஞ்சுகிறது, செய்கிறார்கள். அந்த மிச்சத்துக்காக எத்தனை காடு அழிந்தது என்பது வேறு விசாரணை. நம் தேசமோ சமையலுக்கு வேண்டிய எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. வாங்கிய எண்ணெயை யந்திரத்துக்கு ஊற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் நமக்கு மாற்று மூலப்பொருள் வேண்டியிருக்கிறது. அதனால்தான் காட்டாமணக்கு வந்தது.

காட்டாமணக்கை அறியாத தமிழர் இருக்கமாட்டார்கள். தோட்டத்து வேலியில் குச்சியை ஒடித்து நட்டால் போதும், தழைத்துவிடும். ஆடும் மாடும் வாய் வைக்காது. அதன் பாலை எடுத்து ஊதிக் குமிழி விட்டு விளையாடாத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. விளையாட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் அதன் கொட்டையைத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளைகளைப் பற்றிய செய்தியும் அவ்வப்போது பத்திரிகைகளில் வருவதுண்டு. மத்திய அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக உலகம் சுற்றி வந்த செடி அது. கொட்டையில் நூற்றுக்கு முப்பது முதல் முப்பத்தைந்து பங்கு எண்ணெய் இருக்கிறது. வறண்ட நிலத்தில் வளரும். உண்ணும் பொருள் அன்று. ஆடு மாடுகளால் சேதமில்லை. காகிதத்தில் எழுதிப் பார்க்கும்போது இதைவிடச் சிறந்த செடியைக் கடவுளே படைக்கமுடியாது என்று தோன்றும், காகிதத்தில்தான் எழுதினார்கள். 2003-இல் திட்டக் கமிஷன் நியமித்த குழு தன் அறிக்கையில், 2011-12-க்குள் நாட்டின் டீசலில் ஐந்தில் ஒரு பங்கைப் பயோடீசலாக்கலாம் என்றும், அதற்கு 1 கோடியே 12 லட்சம் ஹெக்டேர் வேண்டும் என்றும், காட்டோரமும் வேலியோரமும் தரிசுமாக 1 கோடியே 34 லட்சம் ஹெக்டேர் கிடைக்கும் என்றும் கணக்கிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு, மலையும் ஆறும் ஊரும் நகரமும் உட்பட, 1 கோடியே 30 லட்சம் ஹெக்டேர். ஒரு ஹெக்டேரில் 2,500 செடி, செடிக்கு ஒன்றரைக் கிலோ கொட்டை, ஆக 3,750 கிலோ என்பது அவர்களுடைய பெருக்கல்.

பெருக்கலில் பிழை இல்லை. ஒன்றரைக் கிலோ என்ற எண்ணில்தான் பிழை. வறட்சியில் உயிர் பிழைத்துக் கிடப்பது ஒரு குணம். வறட்சியில் காய்த்துக் குலுங்குவது வேறொரு குணம். முன்னதைக் கண்ட அறிஞர்கள் பின்னதும் உண்டு என்று எடுத்துக்கொண்டார்கள். நெல்லையும் கடலையையும்போல மனிதன் ஆயிரக்கணக்கான வருஷங்களாகத் தேர்ந்து தேர்ந்து பழக்கிய பயிர் அன்று காட்டாமணக்கு. அது இன்னும் காட்டுச் செடிதான். வேலியில் நிற்கும் செடிகளிலிருந்து பொறுக்கிய விதையைக் கொண்டு தோட்டம் போட்டால், ஒரு செடி கொத்துக் கொத்தாகக் காய்க்கும், பக்கத்துச் செடி இலையோடு நிற்கும். நீர் விட்டு, எரு இட்டு, கவாத்துச் செய்தால் காய்க்கத்தான் செய்தது; ஆனால் நீரும் எருவும் கிடைக்கிற குடியானவர் அந்த நிலத்தில் காட்டாமணக்கை ஏன் வைக்கிறார்? மானாவாரியாக விட்ட இடங்கள் பலவற்றில் ஹெக்டேருக்கு ஒரு டன்கூடத் தேறவில்லை. நம் கோயம்புத்தூர், திருவண்ணாமலை வட்டாரங்களில் அரிசா மோன்டோபியோ என்பவரும் சரச்சந்திர லேலேயும் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு, நீர்ப்பாசனம் இருந்தும் விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்ததையும், காட்டாமணக்கு சென்ற இடம் தரிசு என்பதைவிடக் கடலை விளைந்த நிலம் என்பதையும் எடுத்துக் காட்டியது. உணவுக்குப் போட்டியில்லை என்று கொண்டுவந்த செடி, நிலக்கடலையின் இடத்திலேயே போய் உட்கார்ந்தது.

இன்னொரு கணக்கை யாரும் போட்டதாகத் தெரியவில்லை; நான் போட்டுக் காட்டுகிறேன். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய நான்கு கிலோ கொட்டை வேண்டும். ஒரு கிலோவில் சுமார் ஆயிரத்து ஐந்நூறு கொட்டை. ஒரு காயில் மூன்று கொட்டை. ஆக ஒரு லிட்டர் எண்ணெய் என்பது இரண்டாயிரம் காய். அந்த இரண்டாயிரமும் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கொத்தில் ஒன்று பச்சையாக இருக்கும், ஒன்று மஞ்சளாக இருக்கும், ஒன்று கறுத்து வெடித்திருக்கும். நெல்லைப்போல ஒரே மூச்சில் அறுத்துப் போரடிக்க முடியாது. ஒரு பெண்பிள்ளை திரும்பத் திரும்ப வந்து, பழுத்ததைப் பார்த்துப் பார்த்துப் பறித்து, தோலை உடைத்து, உலர்த்தித் தரவேண்டும். இவ்வளவும் செய்து முடித்த பிறகு அந்த ஒரு லிட்டர், பெட்ரோல் பங்கில் குழாய் வழியாகக் கொட்டும் டீசலோடு விலையில் போட்டியிட வேண்டும். அவளுக்கு என்ன கூலி கொடுக்கமுடியும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

புண்ணாக்கின் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். எண்ணெய் வித்து எதுவானாலும் செக்காட்டுகிறவருக்கு வரும்படியில் ஒரு பெரும் பங்கு புண்ணாக்கிலிருந்து வருகிறது என்பது நம் ஊர் வாணியர் ஒவ்வொருவருக்கும் தெரியும். கடலைப் புண்ணாக்கை மாடு தின்னும். எள்ளுப் புண்ணாக்குக்கு விலை உண்டு. காட்டாமணக்குப் புண்ணாக்கிலோ விஷம் தங்கியிருக்கிறது. எருவாகப் போடலாமே ஒழிய எந்தத் தொழுவத்திலும் அதை வைக்கமுடியாது. இவ்வளவு குறைகள் இருந்தும், 2008-ஆம் வருஷக் கடைசியில் நியூஸிலாந்தில் ஒரு ஜம்போ விமானத்தின் ஓர் எஞ்சினில் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைப் பாதிக்குப் பாதி கலந்து ஆக்லாந்திலிருந்து பறந்து காட்டினார்கள். உலகமெங்கும் பத்திரிகைகள் கொண்டாடின. இந்தச் செடிக்காகவே ஒரு கூட்டு நிறுவனம் அமைத்திருந்த பிரிட்டிஷ் பெட்ரோலியம், மறு வருஷமே அதிலிருந்து விலகிக்கொண்டது. நம் அரசாங்கத்தின் இலக்கும் மெல்ல மெல்லக் கீழிறங்கியது: 2009-இல் வெளியிட்ட கொள்கையில் இருபது சதவீதத்துக்கு 2017 வரை தவணை, 2018-இன் கொள்கையில் ஐந்தே சதவீதம், அதற்கும் 2030 வரை தவணை.

இப்படி நடந்தது நமக்கு மட்டும் அன்று. பிரேஸில் தேசத்தார் 2004-இன் கடைசியில் தங்கள் பயோடீசல் திட்டத்தைத் தொடங்கியபோது, வடகிழக்கிலுள்ள வறண்ட பிரதேசத்து ஏழைக் குடியானவர்கள் பயிரிடும் ஆமணக்கையே மனத்தில் வைத்திருந்தார்கள்; சிறு குடியானவர்களிடம் வாங்கும் ஆலைகளுக்கு வரிச் சலுகையும் ‘சமூக எரிபொருள்’ முத்திரையும் கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆமணக்கெண்ணெயின் அமிலத்தில் மற்ற எண்ணெய்களில் இல்லாத ஹைட்ராக்ஸில் என்ற ஓர் அணுத்தொகுதி தொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் எரிபொருளாக மாற்றிய பிறகும் அது அளவுக்கு மீறித் தடித்தே இருக்கிறது. அதே ஹைட்ராக்ஸிலுக்காகவே உயவு எண்ணெய்க்காரரும் வர்ணக்காரரும் மருந்துக்காரரும் ஆமணக்கெண்ணெயை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். உயர்ந்த விலைக்குப் போகிற பொருளைக் கொளுத்துவதற்கு யார் விற்பார்கள்? திட்டம் வளர்ந்தது, பெரும்பகுதி சோயா எண்ணெயைத் தின்றுகொண்டு வளர்ந்தது. இந்தக் கதையிலிருந்து எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. ஒரு மூலப்பொருளைப் பற்றி யாராவது புகழ்ந்து பேசினால், அதில் எத்தனை சதவீதம் எண்ணெய் என்று நான் கேட்பதில்லை. அதை யார் பொறுக்கிச் சேர்க்கிறார், எரிக்காவிட்டால் அது எங்கே போகும் என்ற இரண்டைத்தான் கேட்கிறேன்.

இந்த இரண்டு கேள்விகளையும் நம் ஊர் மரங்களிடம் கேட்டுப் பார்ப்போம். புங்கு, இலுப்பை, புன்னை, வேம்பு ஆகிய நான்கும் நம்மோடு நெடுங்காலமாக இருப்பவை. இலுப்பெண்ணெய் கோயில் விளக்குக்கு எரிந்தது. புன்னை எண்ணெய் கடற்கரை ஊர்களில் விளக்குக்கும் தோணிக்கும் பயன்பட்டது. புங்கு சாலையோரத்தில் நிழலுக்கு நிற்கிறது, அது அவரையினத்து மரமாதலால் வேரில் நைட்ரஜனையும் சேர்த்து வைக்கிறது. புதிதாக நிலம் வேண்டியதில்லை. மரம் ஏற்கனவே நிற்கிறது. புண்ணாக்குக்கும் சொந்தமான உபயோகம் உண்டு, வேப்பம் புண்ணாக்கு வயலுக்கும் இலுப்பைப் புண்ணாக்கு தலைமுழுகவும் ஆகும். ஆனால் இலுப்பை காய்த்து விழுகிற காலம் மழை தொடங்குகிற காலம். நனைந்த தரையில் கிடந்து, ஈரத்தோடு மூட்டையில் கட்டிவைத்த கொட்டைக்குள் நொதிகள் வேலை செய்து, எண்ணெயைக் கட்டவிழ்த்து அமிலமாக்கிவிடுகின்றன. காரக்பூர் ஐ.ஐ.டி.யில் ஆராய்ந்த இலுப்பெண்ணெயில் நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு அமிலம் இருந்தது. கோழிக்கோட்டில் ஆராய்ந்த ரப்பர்க்கொட்டை எண்ணெயில் பதினேழு பங்கு. இவற்றை நேரே காஸ்டிக் சோடாவோடு சேர்த்தால் கிடைப்பது சோப்பு. முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் கொண்டு ஒருமுறை பக்குவம் செய்து, பிறகே வழக்கமான முறைக்கு வரவேண்டும். செய்யலாம்; செலவு கூடும். உண்மையில் இந்தச் செலவை ஆலையில் குறைப்பதைவிடக் களத்தில் குறைப்பது எளிது. கொட்டையைப் பொறுக்கிய அன்றே உலர்த்த ஒரு சிமெண்டுத் தளமும், நனையாமல் வைக்க ஒரு கூரையும் இருந்தால் பாதி அமிலம் உண்டாகவே செய்யாது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் வினையூக்கிகளைப் பற்றி நூற்றுக்கணக்கில் வந்திருக்கின்றன. களத்து மேட்டைப் பற்றி அதிகமாக வரவில்லை.

புங்கு விஷயத்தில் மனத்துக்கு நிறைவு தருகிற ஓர் உதாரணம் உண்டு. இன்றைய தெலங்கானாவில், அடிலாபாத் பகுதியிலுள்ள பவர்குடா என்ற கோண்டுப் பழங்குடியினர் ஊரில், பெண்கள் சுயஉதவிக் குழு அமைத்துப் புங்கங்கொட்டை சேகரித்து எண்ணெய் எடுத்தார்கள். அந்த எண்ணெயால் மிச்சமாகும் 147 டன் கரியமில வாயுவுக்காக 2003-இல் உலக வங்கி அவர்களுக்கு 645 டாலர் கொடுத்தது. தொகை சிறிதுதான். ஆனாலும் கொட்டையைப் பொறுக்குகிறவர்களும் எண்ணெயால் பயனடைகிறவர்களும் ஒருவரே ஆனதால், அங்கே காட்டாமணக்குக்காரர்களைக் கவிழ்த்த கூலிக் கணக்கு எழவில்லை. ஊர் மரம், ஊர்ச் செக்கு, ஊர் யந்திரம் என்ற அளவில் இந்த மரங்கள் நன்றாகவே ஓடும். அவற்றை லாரி லாரியாக எண்ணெய்க் கம்பெனியின் கிடங்குக்குக் கொண்டுபோக நினைத்தால்தான் கணக்கு உதைக்கும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சொன்ன நம் முன்னோர், இலுப்பைப்பூவைக் கொண்டு சர்க்கரை ஆலை வைக்கச் சொல்லவில்லை.

பாசியைப் பற்றி ஒருவர் நிச்சயம் கேட்பார் என்பதால் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசாங்கம் 1978 முதல் 1996 வரை, கோடிக்கணக்கான டாலர் செலவிட்டு, ஏறக்குறைய மூவாயிரம் வகைப் பாசிகளைத் திரட்டி, எண்ணெய் தரும் பாசியைத் தேடியது. நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் ராஸ்வெல் என்ற இடத்தில் ஆயிரம் சதுர மீட்டர் குளங்களில் வளர்த்தும் பார்த்தார்கள். நல்ல வெயில் நாளில் விளைச்சல் பிரமாதமாக இருந்தது. இரவுக் குளிர் வந்தால் படுத்துவிட்டது. பாசிக்கு நைட்ரஜனைக் குறைத்துப் பட்டினி போட்டால் உடம்பில் எண்ணெய் கூடுகிறது, ஆனால் வளர்ச்சி நின்றுவிடுகிறது. கூட்டிக் கழித்தால் மொத்த எண்ணெய் கூடவில்லை. அதற்கு மேல், குளத்து நீர் ஒரு லிட்டரில் அரைக் கிராம் பாசி இருந்தால் அதிகம். ஒரு கிலோ பாசிக்கு இரண்டாயிரம் லிட்டர் நீரைப் பிரித்தெடுக்க வேண்டும். பொறுக்குகிறவர் யார் என்ற என் கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது. இங்கே பொறுக்குவது மின்சாரம். அறிவியலில் இது முடிந்துபோன கதை என்று நான் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பெட்ரோல் பங்குக்கு வந்துவிடும் என்று சொல்லுபவரிடம் மட்டும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இனிக் கழிவுகள். இங்கே பொறுக்கும் வேலையை ஏற்கனவே வேறு யாரோ வேறு எதற்கோ செய்து முடித்துவிட்டார்கள் என்பதே பெரிய லாபம். தோல் பதனிடும்போது சுரண்டி எடுக்கும் சதைத் துணுக்கில் கொழுப்பு இருக்கிறது. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். கோழிக் கடைக் கழிவின் கொழுப்பிலிருந்து பயோடீசல் செய்யும் முறைக்குக் கேரளத்துக் கால்நடைப் பேராசிரியர் ஜான் ஆபிரகாம் 2021-இல் காப்புரிமை பெற்றார். அந்த ஆராய்ச்சிக்கு அவர் வித்திட்டது நம் நாமக்கல் கால்நடைக் கல்லூரியில். மிருகக் கொழுப்பில் செய்த எரிபொருள் குளிரில் உறைந்து கட்டிதட்டும் சுபாவமுடையது. ஊட்டியில் மார்கழிக் காலையில் லாரி கிளம்பாது. சென்னையில் அந்தக் கவலை இல்லை. ஆயினும் இவையெல்லாவற்றையும்விட அருகில், ஒவ்வொரு தெருவிலும், கறுத்து நுரைத்துக் கொதித்துக்கொண்டிருக்கும் ஒரு மூலப்பொருள் இருக்கிறது.

வாணலியில் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது, வடை மாவின் ஈரம் அதைக் கட்டவிழ்த்து அமிலமாக்குகிறது. காற்றும் சூடும் சேர்ந்து அதைப் பசையாக்குகின்றன. இந்தச் சிதைவுப் பொருள்கள் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேற்பட்ட எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலை முதல் சட்டம் இருக்கிறது. அந்த வருஷம் ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தார் பழைய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். தினம் ஐம்பது லிட்டருக்கு மேல் எண்ணெய் காய்ச்சுகிறவர் கணக்கு எழுதிவைக்க வேண்டும் என்றும், பழைய எண்ணெயை அனுமதி பெற்றவரிடமே கொடுக்கவேண்டும் என்றும் ஆணை வந்தது. 2019-இல் பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகள் நூறு நகரங்களில் இந்த எரிபொருளை லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்க முன்வந்தன. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தார் இதைத் தொண்ணூறுகளிலேயே ஆரம்பித்து, வீடுகளிலும் உணவுச்சாலைகளிலும் வாங்கிய பழைய எண்ணெயில் தங்கள் நகரப் பஸ்களை ஓட்டியிருக்கிறார்கள்.

எரிக்காவிட்டால் இந்த எண்ணெய் எங்கே போகும்? சாக்கடைக்குப் போகும் என்று நினைத்தால் நம் ஊரைத் தெரியாதவர் என்று அர்த்தம். பெரிய ஹோட்டலில் கறுத்த எண்ணெய் டின்னில் அடைபட்டு, அதைவிடச் சிறிய கடைக்கு விலைக்குப் போகிறது. அங்கே மறுபடி கொதிக்கிறது. ஆகவே பயோடீசல் ஆலைக்காரர் உண்மையில் டீசலோடு போட்டியிடவில்லை, தள்ளுவண்டிக்காரரோடு போட்டியிடுகிறார். தள்ளுவண்டிக்காரர் கொடுப்பதைவிட நாலு ரூபாய் கூடக் கொடுத்தால்தான் எண்ணெய் இவரிடம் வரும். அல்லது சட்டம் அவரைத் தடுக்கவேண்டும். எரிபொருள் ஒருபுறம் இருக்க, அந்தக் கறுத்த எண்ணெயை ஏழைகள் வயிற்றிலிருந்து விலக்குவதொன்றே இத்திட்டத்துக்குப் போதிய நியாயம் என்பது என் அபிப்பிராயம். அதிக விலை கொடுப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஐரோப்பாவில் பழைய எண்ணெயில் செய்த எரிபொருளை இரட்டிப்பாகக் கணக்கிட்டுச் சலுகை தந்தபோது, பழைய எண்ணெயின் விலை புதுப் பாமாயிலின் விலையைத் தாண்டியது; கீழை நாடுகளிலிருந்து வந்த ‘பழைய’ எண்ணெயில் வாணலியைக் கண்டிராத எண்ணெயும் கலந்திருக்கிறது என்ற சந்தேகம் அன்றுமுதல் அவர்களை விட்டபாடில்லை. இப்போது விமானக் கம்பெனிகளும் அதே எண்ணெயைத் தேடிக்கொண்டு வருகின்றன.

கெட்ட எண்ணெய் எவ்வளவு கெட்டது என்பதை அளக்கும் பரிசோதனை மிக அழகானது. ஒரு மில்லிலிட்டர் எண்ணெயைப் பத்து மில்லிலிட்டர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, இரண்டு துளி பினால்ப்தலீன் விட்டு, லிட்டருக்கு ஒரு கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரைத் துளித்துளியாகச் சேர்க்கவேண்டும். துளி விழும் இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றி, குலுக்கியதும் மறையும்; மறுபடி தோன்றும், மறுபடி மறையும்; ஒரு துளியில் நிறம் நிலைத்து நிற்கும். அதுவரை எத்தனை மில்லிலிட்டர் செலவாயிற்றோ, லிட்டர் எண்ணெய்க்கு அத்தனை கிராம் காஸ்டிக் சோடா, புது எண்ணெய்க்கு வழக்கமாகப் போடும் மூன்றரைக் கிராமுக்கு மேல் சேர்க்கவேண்டும். பஜ்ஜிக் கடை எண்ணெயை இப்படிச் சோதித்த மாணவர்கள் மறுநாள் பஜ்ஜி தின்பதில்லை. அதற்கடுத்த நாள் தின்கிறார்கள்.

அளவைப் பற்றி மிகையாகச் சொல்லக்கூடாது. ஆண்டுக்கு 140 கோடி லிட்டர் பழைய எண்ணெயைச் சேகரித்து அதிலிருந்து 110 கோடி லிட்டர் பயோடீசல் செய்யலாம் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. நாடு எரிக்கும் டீசலோ பத்தாயிரம் கோடி லிட்டருக்கு மேல். எல்லாம் கைகூடினாலும் நூற்றில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கை நாடெங்கும் டீசலில் கலந்து கரைத்துவிடுவதைவிட, எந்த நகரத்தில் எண்ணெய் சேர்ந்ததோ அந்த நகரத்தின் பஸ்ஸுக்கோ குப்பை லாரிக்கோ ஊற்றினால், சேகரிக்கிறவர்களுக்கும் கண்காணிக்கிறவர்களுக்கும் கணக்கு கண்ணெதிரே இருக்கும்.

இப்போது ஒரு நண்பர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: இதை வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்கிறார். கைத்தொழிலாகச் செய்கிறவர்கள் மேல்நாடுகளில் இருக்கிறார்கள், நீங்கள் செய்யவேண்டாம். மெத்தனாலின் ஆவி எளிதில் தீப்பற்றும்; உள்ளே போனால் கண்ணையும் உயிரையும் வாங்கும். 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்த சாராயத்தில் கலந்திருந்தது அதுதான். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது நம் மாநிலத்தில் குற்றம். அந்தச் சட்டம் கடுமையாக இருப்பது நியாயம். உங்கள் வீட்டு எண்ணெயை ஆறவைத்து, கசடு வடிகட்டி, நீர் படாமல் ஒரு பழைய டின்னில் சேர்த்து, அனுமதி பெற்ற ஆள் வரும்போது எடைபோட்டுக் கொடுங்கள். அவர் ரசீது தருவார். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ரசீது தர மறுக்கிறவர் அந்த டின்னை எந்த வாணலிக்குக் கொண்டுபோகிறார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.